கதை வகுப்பு இருந்தது. செய்தி வகுப்பு எங்கே?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாவது காலை. மணி எட்டைத் தாண்டிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. புத்ரா ஹைட்ஸில் நிலத்தடியில் ஓடிய பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. வானளாவ எழுந்த அந்தத் தீயைப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே காண முடிந்தது. பூச்சோங் கம்போங் கோலா சுங்கை பாருவிலும் அதையொட்டிய குடியிருப்புகளிலும் வீடுகள் எரிந்தன, கார்கள் உருகின. நூற்றுக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். தீ முழுமையாக அடங்கப் பிற்பகல் ஆயிற்று.

அந்தச் செய்தியை நாட்டுக்கு முதலில் சொன்னது யார்? நிருபர்கள் அல்லர். வீட்டு மாடியில் நின்றவர்கள், நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டியவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஆகியோரின் கைப்பேசிகள்தாம் சொல்லின. தொலைக்காட்சி நிலையங்களின் வாகனங்கள் வந்து சேர்வதற்குள் படங்கள் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டன. அன்று மாலைக்குள் வதந்திகளும் சுற்றி வந்தன. குழாய் வெடித்ததற்கு ஆளுக்கொரு காரணம்; ஒவ்வொன்றும் வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பப்பட்டது.

படம் வேறு, செய்தி வேறு. தீ எரிந்தது என்பது படம். குழாய்க்கு மேலே இருந்த நிலத்தில் என்ன வேலை நடந்தது, யார் அனுமதி தந்தார்கள், குழாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு கட்டலாம் என்று எந்த விதி சொல்கிறது, வீடிழந்தவருக்கு வாடகைப் பணம் வந்ததா, வந்தது போதுமா என்பவை செய்தி. விசாரணை அறிக்கை ஜூன் மாத இறுதியில் வெளிவந்தது. குழாய்க்கு அடியிலிருந்த மண் பிடிப்பை இழந்ததும், மேலிருந்து மீண்டும் மீண்டும் விழுந்த பாரமும் காரணமாகக் காட்டப்பட்டன. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு கம்போங் கோலா சுங்கை பாருவுக்குத் திரும்பிப் போய், வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தலைநகரிலுள்ள ஒரு செய்தியாளர் எத்தனை முறை அங்கே திரும்பி வர முடியும்? அவருக்கு அடுத்த நாள் வேறு தீ, வேறு வெள்ளம், வேறு தேர்தல். அந்த வேலையைச் செய்யக்கூடியவர் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். அதுவும் கால் வலிக்காமல் நடக்கக்கூடிய, கேள்வி கேட்கக் கூச்சப்படாத ஓர் இளைஞர்.

அப்படிப்பட்ட இளைஞர்களை நம் தமிழ்ப் பத்திரிகை உலகம் உருவாக்கியதா? ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் சான்று நம் பத்திரிகை வரலாற்றிலேயே இருக்கிறது.

ஒரு காசுப் பத்திரிகையும் ஒரு மாணவர் பக்கமும்

இந்த மண்ணில் தமிழ்ப் பத்திரிகை என்பது நேற்று முளைத்ததன்று. 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வெளிவந்தது. 1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் 'தமிழ் நேச'னைத் தொடங்கினார். 1935இல் சிங்கப்பூரில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் முர'சைத் தொடங்கியபோது அதன் விலை ஒரு காசு. பால் மரம் வெட்டுபவரும் வாங்கிப் படிக்கட்டும் என்று வைத்த விலை அது. வாங்க முடிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் உட்கார்ந்து பத்துப் பேர் கேட்ட காலம்.

ஆனால் அந்நாளைய பத்திரிகைகளுக்கு ஒரு தொல்லை இருந்தது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இங்கே பிறந்தவர்கள் படிக்கிறவர்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து நாடு ஒருவாறு நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான், இங்கே பிறந்து இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளையும் எழுத வைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

1950இல் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தத் தொடங்கினார்கள். பத்திரிகைதான் வகுப்பறை. சிறுகதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று பாடம் அச்சாகும். தோட்டத்திலும் நகரத்திலும் இருந்த இளைஞர்கள் எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். குறை நிறை சொல்லப்படும். ஆசிரியரை மாணவர் பார்த்ததில்லை, மாணவரை ஆசிரியர் பார்த்ததில்லை. ஆயினும் மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த வகுப்பைத் தாண்டிப் போக முடிவதில்லை. அதையடுத்துத் 'தமிழ் முர'சில் 'இரசனை வகுப்பு' வந்தது.

1952இல் கு. அழகிரிசாமி 'தமிழ் நேச'னுக்கு வந்து சேர்ந்தார். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். ஏற்கெனவே பெயர் பெற்ற எழுத்தாளர். 1957 வரை இங்கே இருந்த அவர், தமக்கு வந்த எழுத்துகளை நிர்த்தாட்சண்யமாகக் கழித்தார் என்று குறைபட்டவர்களும் உண்டு. அதனால்தான் நம்மவர் எழுத்து மேம்பட்டது என்று நன்றி சொன்னவர்களும் உண்டு. இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தியவரும் அவரே.

அதே காலத்தில் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியது. 'மாணவர் மணிமன்றம்' என்று அதற்குப் பெயர். வை. திருநாவுக்கரசு அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர். மாணவர்கள் கட்டுரை, கவிதை, துணுக்கு எழுதி அனுப்பினார்கள். தங்கள் பெயரை அச்சில் பார்த்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தார்கள். பக்கத்தில் பெயர் வந்தவர்கள் ஊரில் கூடினார்கள். கூடியவர்கள் மன்றம் அமைத்தார்கள். பத்திரிகையின் ஒரு பக்கம், தோட்டத்துக்குத் தோட்டம், நகரத்துக்கு நகரம் ஓர் இயக்கமாகக் கிளைத்தது. இன்றுள்ள தமிழ் இளைஞர் மணிமன்றங்களின் வேர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உலகத்தில் எத்தனை பத்திரிகைகளுக்கு இப்படி ஒரு பெருமை வாய்த்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த வாசகர்கள் வெறும் வாசகர்களாக இருந்துவிடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரவிருந்த நேரத்தில், அங்கே தமிழுக்கு முதலிடம் கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கினார். தோட்டப் பாட்டாளிகளும் மாணவர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று தந்தார்கள். 1956இல் துறை திறக்கப்பட்டது. தமிழ் அங்கே நிலைத்தது.

பவுன் கதைக்கு, செய்திக்கு ஒன்றுமில்லை

இவ்வளவும் பெருமை. இனி வருத்தம்.

கதை வகுப்பு கதை கற்றுத் தந்தது. மணிமன்றம் மேடைப் பேச்சையும் கவிதையையும் வளர்த்தது. 1970களின் தொடக்கத்தில் முருகு சுப்பிரமணியன் 'தமிழ் நேசன்' ஆசிரியராக இருந்தபோது சிறந்த சிறுகதைக்குப் பவுன் பரிசு தரப்பட்டது. 1977இல் ஆதி குமணன் 'வானம்பாடி' வார இதழைத் தொடங்கியபோது புதுக்கவிதை எழுதும் இளைஞர் படையே திரண்டது. பின்னர் அவர் 'தமிழ் ஓசை', 'மலேசிய நண்பன்', 'மக்கள் ஓசை' என்று சென்ற இடமெல்லாம் இளைஞர்கள் பின்னால் சென்றார்கள். 2005இல் அவர் மறைந்தபோது, அவரால் எழுத வந்தோம் என்று சொன்னவர்கள் பலர்.

இத்தனை வகுப்புகளிலும் 'செய்தி வகுப்பு' என்று ஒன்று நினைவில் நிற்கும்படி இல்லை. தோட்டத்து இளைஞனுக்குக் கதையின் உச்சக்கட்டத்தை எப்படி அமைப்பது என்று சொல்லித் தந்தார்கள். தன் தோட்டம் எவ்வளவு விலைக்கு, யாருக்கு விற்கப்பட்டது என்பதை நில அலுவலகத்தில் எப்படிக் கேட்டு அறிவது என்று சொல்லித் தரவில்லை.

அதற்காக வட்டாரச் செய்தி வரவே இல்லை என்று பொருளன்று. வந்தது. பள்ளி ஆசிரியர், தோட்டத்துக் கிராணி, கடைக்காரர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் பகுதிநேர நிருபராக இருந்தார். ஆலயத் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, நன்கொடை, மரண அறிவிப்பு, கிளைத் தேர்தல் எல்லாம் அவர் கையால் வந்தன. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கைக்காசு போட்டு, மோட்டார் சைக்கிளில் அலைந்து, படத்துக்குப் பிலிம் வாங்கிச் செய்த தொண்டு அது. ஆனால் அவர் மேடையில் இருந்தவர்களைப் படம் எடுத்தார். மேடைக்குக் கீழே நின்றவர்களிடம் கேள்வி கேட்கும் பழக்கமோ வசதியோ அவருக்கு அமையவில்லை. தோட்ட நிர்வாகியைப் பகைத்துக்கொண்டு கிராணி எப்படிச் செய்தி எழுதுவார்?

மேலே இருந்தவர்களுக்கும் கட்டு இருந்தது. 1984ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் பதிப்பகச் சட்டப்படி பத்திரிகைகள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையின்போது 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வாத்தான்' ஆகிய மூன்றின் உரிமமும் பறிக்கப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பத்திரிகைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் தேவைப்படவில்லை. 'மக்கள் ஓசை'க்கு 2008 ஏப்ரலில் உரிமம் புதுப்பிக்கப்படாமல் போய், மேல்முறையீட்டுக்குப் பிறகு சில நாள்களில் திரும்பக் கிடைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012இல்தான் நீக்கப்பட்டது; உரிமம் வேண்டும் என்ற விதி நீங்கவில்லை.

உரிமத்துக்கு அடுத்தது உடைமை. 'தமிழ் நேசன்' நெடுங்காலம் துன் ச. சாமிவேலு குடும்பத்தாரின் கையில் இருந்தது. 1980களிலும் 90களிலும் ம.இ.கா.வின் அணிப்பூசல் தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கங்களை நிரப்பியது. யார் எந்த அணி என்பதைப் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தப் பூசல் சுவையாகத்தான் இருந்தது, மறுக்க வேண்டாம், பத்திரிகையும் விற்றது. ஆனால் அந்தப் பக்கங்கள் நிரம்பிய அதே ஆண்டுகளில்தான் சிலாங்கூரின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

எழுதப்படாத பூச்சோங்

பூச்சோங்கையே எடுத்துக்கொள்வோம். ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமுமாக இருந்த வட்டாரம். பதினான்காம் மைல் என்று மைல்கல் கணக்கில் பேர் சொன்ன ஊர். கின்ராரா, காசல்பீல்டு என்று தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இருக்கின்றன. 1990களில் பூச்சோங் ஜெயாவும் பண்டார் கின்ராராவும் எழுந்தன. 1996இல் ஐ.ஓ.ஐ. பேரங்காடி, 1999இல் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை, 2016இல் எல்.ஆர்.டி. ரயில். இருபத்தைந்து ஆண்டில் ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

இவற்றின் தேதிகள் எல்லாம் ஆவணத்தில் உண்டு. ஒரு தோட்டத்து மக்களுக்கு வெளியேற்ற அறிக்கை எந்த நாளில் வந்தது, எத்தனை குடும்பம், ஒரு குடும்பத்துக்கு எத்தனை வெள்ளி, மாற்று வீடு என்று சொன்னது எழுத்திலா வாய்மொழியிலா, கோயில் நிலம் யார் பெயரில் இருந்தது, யார் கையெழுத்திட்டார் என்பவை எங்கே இருக்கின்றன? பாட்டிகளின் நினைவிலும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்த தாள்களிலும்.

பழங்கதைதானே என்று தள்ளிவிட முடியாது. பக்கத்து ஊரான சுபாங் ஜெயாவில் யூ.எஸ்.ஜே. 25இல் உள்ள சீபீல்டு மாரியம்மன் ஆலயத்தில் 2018 நவம்பரில் நடந்ததை நாடே பார்த்தது. கலவரத்தில் படுகாயமடைந்த இளம் தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்தார். அந்தப் பிரச்சினை அந்த வாரத்தில் பிறந்ததன்று. தோட்டம் கைமாறியது, ஆலயத்தை இடமாற்றப் பேசியது, 2014இல் நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானது என்று அதற்கு நீண்ட முன்கதை உண்டு. அந்த முன்கதையை ஆண்டு வாரியாக, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லக்கூடிய உள்ளூர்ச் செய்தியாளர் அந்த இரவில் கையோடு இருந்திருந்தால் என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. ஆள் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது.

இன்னும் பின்னால் போனால் கம்போங் மேடான். பழைய கிள்ளான் சாலைப் பக்கம், பூச்சோங்கிலிருந்து வெகுதூரமில்லை. 2001 மார்ச்சில் அங்கே நடந்த இன மோதலில் 6 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அதைத் தேடிப் பிடித்து எழுதியவர் 'செம்பருத்தி' இதழைச் சேர்ந்த கா. ஆறுமுகம். 'மார்ச் 8' என்ற அந்த நூல் 2006இல் தடை செய்யப்பட்டது. ஐந்து ஆண்டு கழித்து, ஒருவர் தனியாக உட்கார்ந்து சேகரிக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு செய்தி. சம்பவம் நடந்த வாரத்திலேயே தெருத் தெருவாக நடந்து எழுதப் பழகிய பத்து இளைஞர்கள் அங்கே இருந்திருந்தால், தடை செய்வதற்கு ஒரே ஒரு புத்தகம் இருந்திருக்காது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இளைஞர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுத் தர முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. கடல் தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டும்.

விகடன் நிறுவனம் 1980களில் 'ஜூனியர் விகடன்' இதழைக் கொண்டுவந்தபோது அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் கல்லூரி மாணவர்களைத் தேடினார். 'மாணவர் பத்திரிகையாளர் திட்டம்' அப்படித்தான் வேரூன்றியது. ஆண்டுதோறும் மாணவர்களைத் தேர்வு வைத்து எடுப்பார்கள். படிப்பை விடச் சொல்வதில்லை. தங்கள் ஊரிலும் மாவட்டத்திலும் நடப்பதைத் தேடி எழுத வேண்டும். வந்த கட்டுரைக்குச் சன்மானம் உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களிடம் கவிதை கேட்கவில்லை. பேருந்து வராத கிராமத்துக்கு நடந்து போய், ஏன் வரவில்லை என்று கேட்டு வரச் சொன்னார்கள். இன்று தமிழ்நாட்டு ஊடகங்களில் பெரிய பொறுப்பில் இருக்கும் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

வடக்கே உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 2002இல் 'கபர் லஹரியா' என்ற கிராமப் பத்திரிகை தொடங்கியது. எழுதியவர்கள் பெண்கள், பலர் தலித்துகள், அதிகம் படிக்காதவர்கள். உள்ளூர் மொழியில், உள்ளூர்த் தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதினார்கள். பின்னர் கைப்பேசியை எடுத்துக் காணொளிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். 'தி ஸ்டார்' நாளிதழ் 1993இல் 'பிராட்ஸ்' என்ற பெயரில் பதின்ம வயதினருக்குச் செய்தியாளர் பயிற்சியைத் தொடங்கியது. இளைஞர்களுக்கான அதன் 'ஆர்.ஏஜ்' குழு 2016இல் வெளியிட்ட ஒரு புலனாய்வு பலருக்கு நினைவிருக்கும். இணையத்தில் சிறுமிகளுக்கு வலை விரிப்பவர்களை, சிறுமி போல் உரையாடி, நேரில் வரவழைத்து மறைகேமராவில் பிடித்தார்கள். அதையொட்டி எழுந்த குரல் அடங்கவில்லை. 2017இல் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் வந்தது. இளம் செய்தியாளர்களின் வேலை ஒரு சட்டம் பிறப்பதற்குத் துணை நின்றது.

1999 நவம்பரில் தொடங்கிய 'மலேசியாகினி' இணையத்தளம் வேறு வழியில் போனது. 2008 முதல் அது சாதாரணக் குடிமக்களுக்குக் காணொளி எடுக்கவும் செய்தி தொகுக்கவும் பயிற்சி தந்தது. வாசகர் கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தபோது, வாசகர்களே சில மணி நேரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஒரு வெள்ளி தந்த பாட்டனாரின் செயலுக்கும் இதற்கும் உள்ள உறவை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

விகடனிலும் 'பிராட்'ஸிலும் பிள்ளைகளை எழுத்தாளர் ஆக்குகிறோம் என்று கூப்பிடவில்லை. போய்க் கேட்டு வா என்று அனுப்பினார்கள்.

வாசல் திறந்துதான் இருக்கிறது

'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றது. 95 ஆண்டு ஓடிய பத்திரிகை. இளைஞர்கள் படிப்பதில்லை, அதனால் தமிழ்ப் பத்திரிகை நிற்கிறது என்று அப்போது பலர் சொன்னார்கள். அதைப் பாதி உண்மை என்றுகூடச் சொல்ல முடியாது. 1950களில் பிள்ளைகள் பத்திரிகை வாங்கியது, அதில் தங்கள் பெயரும் தங்கள் மன்றத்தின் பெயரும் வந்ததால்தான். தன் தெருவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பத்திரிகையை, இருபது வயதுப் பையன் மொழிப்பற்றுக்காக மட்டும் எத்தனை நாள் வாங்குவான்?

சரி, பூச்சோங்கில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இன்று தொடங்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது? இது பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

பூச்சோங் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. நகராண்மைக் கழகமாக இருந்தது 2020இல் மாநகர் மன்றமாகத் தரம் உயர்ந்தது. அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டவை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு அவை முடிந்தே போயின. வாக்குப் போட்டு மாற்ற முடியாத மன்றத்தைக் கண்காணிக்க வேண்டிய தேவை, வாக்குப் போட்டு மாற்றக்கூடிய மன்றத்தைவிட அதிகமா குறைவா?

அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒன்றைச் சொல்கிறது. மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய. அதாவது போய் உட்காரலாம். குப்பை ஒப்பந்தம் யாருக்குப் போகிறது, வெள்ளம் தேங்கும் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த நிலத்தின் பயன்பாடு மாற்றப்படுகிறது என்பவை அங்கே பேசப்படுகின்றன.

இன்னொன்றும் உண்டு. சிலாங்கூர் சட்டமன்றம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலேயே முதன்முதலாக அப்படிச் செய்த மாநிலம் சிலாங்கூர். மாநில அரசுத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் ஆவணத்தைக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். எல்லாம் கிடைத்துவிடும் என்பதில்லை. மறுப்பதற்கும் பிரிவுகள் இருக்கின்றன. மறுத்தால் மறுத்ததும் செய்திதான். எந்த நாளில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதலாம்.

இதற்கெல்லாம் பெரிய மூலதனம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் கைப்பேசி இருந்தால் போதும் என்று சிலர் மேடையில் முழங்குவது வெறும் பேச்சு. கைப்பேசியோடு வேறு சில பழக்கங்கள் வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பது, குற்றம் சாட்டப்பட்டவரிடம் பதில் கேட்காமல் வெளியிடாமல் இருப்பது, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் முகத்தையும் மறைப்பது, தவறு நேர்ந்தால் தவறு எங்கே வந்ததோ அங்கேயே திருத்தம் போடுவது. அவதூறு வழக்கும் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் இளைஞர் என்பதற்காக யாரையும் விட்டுவிடா. இவற்றைச் சொல்லித் தராமல் பிள்ளைகளைக் களத்தில் இறக்கிவிடுவது, நீச்சல் தெரியாதவனைக் கிள்ளான் ஆற்றில் தள்ளுவதுதான்.

பயிற்சிக்கு இடம் இல்லாமலும் இல்லை. மணிமன்றங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஆலயங்களில் மண்டபம் இருக்கிறது. பரதநாட்டிய வகுப்பும் தேவார வகுப்பும் நடக்கும் அதே மண்டபம் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. மண்டபம் தந்தார்கள் என்பதற்காக அந்த ஆலயக் கணக்கைப் பற்றி எழுதக் கூடாது என்று ஆகிவிட்டால், பழைய கிராணியின் கதைதான் திரும்ப வரும். சன்மானமும் வேண்டும். எழுதியவனுக்குப் பெட்ரோல் காசாவது தராத பத்திரிகை, அவனுக்குக் காசு தருகிற அரசியல்வாதியிடம் அவனை அனுப்பி வைக்கிறது.

தொடங்குவதற்குப் பொருளைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. கின்ராராவிலும் காசல்பீல்டிலும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. பூச்சோங்கின் மலிவு விலை அடுக்ககங்களில் மாலை நேரத்தில் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அறிக்கை வந்த நாள், லாரியில் சாமான் ஏற்றிய நாள், கடைசியாகப் பால் எடுத்த நாள், மூன்றையும் அவர்களால் சொல்ல முடியும். அவர்கள் வீட்டு பிஸ்கட் டின்களில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன.